இன்னொரு டேக்

"ஐயா, சிரிக்காதீங்க. சிரிச்சா யாரும் காசு போட மாட்டாங்க."

இதை அவள் சொல்வது ஒன்பதாவது முறை. நாற்காலியில் இருந்த பெரியவர் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். மூன்று விநாடி தாங்கியது. பிறகு உதட்டோரம் அவரைக் கேட்காமலே மேலே போய்விட்டது.

"கட்," என்றார் கேமராக்காரர், சுவரைப் பார்த்து.

தனியாக வாழும் வயதானவர்களுக்கு வாரம் இருமுறை போன் செய்து பேசுகிற தொண்டு நிறுவனம் அது. அதன் சமூக ஊடகப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். அலுவலகத்தில் பட்டப்பெயர் 'லைக்கு'. முன்பின் தெரியாத இருநூறு பேருக்குத் தினமும் இதயம் அனுப்புவாள். ஒருவர் குரலும் அவளுக்குத் தெரியாது. போன மாத வீடியோவுக்கு நாலாயிரம் இதயம் வந்தது. பணம் போட்டது ஒரே ஒருவர், அதுவும் தலைவரின் மச்சான். இந்த வீடியோவும் படுத்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அழைப்பு கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார். நாற்பது வீடுகளில் போன் அடிக்காது.

இணையத்தில் நன்கொடை திரட்டுவது எப்படி என்று அவள் போய்வந்த பயிற்சி வகுப்பில் சூத்திரம் சொல்லியிருந்தார்கள். ஒரே முகம், ஒரே கதை, மூன்று விநாடிக்குள் பார்க்கிறவனுக்குத் தொண்டை அடைக்க வேண்டும், அடைத்த இடத்தில் பணம் போடும் பொத்தான். பட்டியலைத் துழாவி, மனைவியை இழந்த ஒரு தையற்காரரைப் பிடித்தாள். மூன்றாம் மாடியில் விளக்கில்லாத நடை, எண் அழிந்த இரண்டு கதவுகள். ஒன்றில் மணியை அழுத்தினாள். அது அடித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது.

"தையற்கார ஐயாவைப் பாக்க வந்தோம்," என்றாள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க," என்று பெரியவர் நாற்காலித் தூசியைச் சட்டைக் கையாலேயே துடைத்தார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. தனிமையைப் படமெடுக்க ஆட்கள் உள்ளே வந்ததும் தனிமை வெளியே போய்விட்டது.

தையல் மெஷின் எங்கே என்று கேட்டாள். இந்த வீட்டில் இல்லை என்றார். விற்றுச் சாப்பிட்டுவிட்டார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நல்லவேளை, ஊசியும் நூலும் பையில் கொண்டுவந்திருந்தாள். பெரியவர் கோக்கப் பார்த்தார். நூல் ஊசிக்கு இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, கடைசியில் ஊசி விரலுக்குள் போனது. ஐம்பது வருஷம் கோத்த கை என்று நினைத்ததும் அவளுக்கே கண் கலங்கியது. நிமிர்ந்து பார்த்தால், விரலைச் சப்பியபடி அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தப்பாயிடுச்சா? பரவால்ல, இன்னொரு தடவை எடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

போதாததற்கு எதிர்வீட்டிலிருந்து கடகடவென்று சத்தம். தண்ணீர் மோட்டார் போலிருக்கிறது, போய் நிறுத்தச் சொல்கிறேன் என்று கேமராக்காரர் எழுந்தார். பெரியவர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்த ஆள் பொல்லாத கோபக்காரராம், கதவைத் தட்டினாலே விழுந்து பிடுங்குவாராம். பிறகு தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு பிஸ்கட். பிறகு அந்தப் பொத்தான் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். விளக்கினாள். புரியவில்லை என்றார். மறுபடி விளக்கினாள்.

"காசு போட்டவங்க அப்புறம் வீட்டுக்கு வருவாங்களா?"

"வரவே வேணாம்யா. இருந்த இடத்திலேர்ந்து ஒரு தட்டு. அதான் இதோட அழகே."

"வந்துட்டுப் போனா இன்னும் அழகா இருக்கும்," என்றார் அவர்.

மணி நாலு. ஐந்துக்கு வீடியோ பக்கத்தில் ஏற வேண்டும். கேமராக்காரர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, இன்றைக்கு இது சரிப்படாது, கிளம்புகிறோம், கேமராவை நாளைக்கு ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கேமரா உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்ததுபோல் உள்ளே வந்து, பதிவானதைச் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தார்கள்.

பெரியவர் அவர்கள் குடித்த இரண்டு டம்ளர்களையும் எடுக்கிறார். சமையலறைப் பக்கம் நாலு அடி போகிறார். நிற்கிறார். திரும்பி வந்து, அவர்கள் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில் அப்படியே வைக்கிறார். நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருகிறார். அவ்வளவுதான்.

கேமராக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"நல்லா வரலையாம்மா? இன்னொரு தடவை எடுப்போமா?"

"வேணாம்யா. இதுவே போதும்."

அவர் முகம் மெல்ல விழுந்தது. காலையிலிருந்து அவள் கெஞ்சிக் கேட்ட முகம். கேமரா பைக்குள் போயிருந்தது.

படமெடுக்கச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கும் படிவத்தை நீட்டினாள். பரீட்சை எழுதும் பையன் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் எழுதினார். நாலாக மடித்துக் கொடுத்து, கீழே போய்ப் பாருங்கள் என்றார்.

கடகட சத்தம் இரண்டாம் மாடி வரை கூடவே வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று படிவத்தைப் பிரித்தாள். கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது:

"நான் தையற்காரன் இல்லை. அவர் எதிர்வீடு, அது அவர் மெஷின் சத்தம்தான். நல்ல மனுஷர், அவரையும் ஒரு நாள் வந்து படமெடுங்கள். வரும்போது மணியை மட்டும் இன்றைக்குப் போலவே தப்பாக என் வீட்டில் அடியுங்கள்."