திரைக்குப் பின்னால் ஓர் அலறல்

பெண் பார்த்த அன்று புதுவாயல் வீட்டில் இருந்தவர்கள் உமர் மரைக்காயர், அவர் மனைவி ஷமீமா, மகள் ஹுமைரா, பழவேற்காட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தந்தை அப்ரார், தாய் பீவி ஜான்.

மரைக்காயர் வாசல் அறையில் கேம் சென்டர் நடத்தினார். பிணங்கள் எழுந்து வரும் ஆட்டம் ஒன்றைப் பத்திரிகைகள் பாதி புகழ்ந்தன, பாதி திட்டின. கம்பெனி ஷிப்டு முடிந்தவர்களோ அதற்காகவே வரிசையில் நின்றார்கள். சம்பந்தக்காரர்கள் அதைப் பார்த்தால் குடும்ப மானம் போகும் என்று பயந்து, கம்ப்யூட்டரைப் பெண்கள் அறையில் ஒளித்துவைத்திருந்தார்.

பீவி ஜான் பெண்ணைப் பார்க்க உள்ளே போனார். ஆண்கள் வெளியே தேநீர் குடித்தார்கள். திடீரென்று பெண்கள் அறையின் வாசல் திரைக்குப் பின்னால் உறுமல். கூடவே ஒரு பெண்ணின் அலறல்.

"அல்லாவே, பொணம் கிட்ட வருது! சுட்டேன், இன்னும் சாவல!"

மரைக்காயர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். உள்ளே பிற வீட்டுப் பெண் இருக்கையில் திரையைத் தொட முடியாது.

"பக்கத்து ஊட்டு டிவி, பாய்," என்றார்.

அப்ராரின் முகம் வெளுத்திருந்தது. "இத வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க, பாய். நிக்காஹ அடுத்த மாசமே வச்சிக்கலாம்."

அப்படியே நடந்தது.

அன்று அலறியது ஹுமைரா என்று பழவேற்காட்டில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவள் மெதுவாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். அலறியவர் பீவி ஜான்.