ஒன்பதாவது குதிரை

நாலு கால் உண்டு, ஓடாது. வாய் உண்டு, புல்லுத் தின்னாது. முதுகு உண்டு, ஆள் ஏற முடியாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

இந்த விடுகதையை ஒரு மட்டையில் எழுதித் தன் மேசையின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்தாள் கம்சாயினி. விடையைத் தேடி யாரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. மட்டைக்குப் பின்னால் ஒன்பது பொம்மைக் குதிரைகள் வரிசையாக நின்றன.

நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சேகரிப்புக் கண்காட்சி. யுத்தம் முடிந்து ஒரு வருசம்; சுனாமி வந்து ஐந்தரை வருசம்.

வகுப்பாசிரியை அன்னப்பூரணி ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரு காகிதத் துண்டு ஒட்ட வேண்டும். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்பது அதில் இருக்க வேண்டும். முத்திரை கொண்டுவந்தவர்களும் சிப்பி கொண்டுவந்தவர்களும் அதைப் பாதியில் விட்டுவிட்டார்கள். கம்சாயினி விடவில்லை.

'நிவாரணப் பெட்டி, 2005 தை.' 'கல்லடிக் கடற்கரை மணலுக்குள், 2005 மாசி.' இப்படி ஒன்பதுக்கும் எழுதியிருந்தாள்.

ஒன்பது துண்டையும் எண்ணிப் பார்த்ததுமே, கல்வி வலயக் கண்காட்சிக்கு இவளைத்தான் அனுப்புவது என்று டீச்சர் பட்டியலில் முதற்பெயராக எழுதிவிட்டார்.

பத்து மணிக்குப் பிள்ளைகளின் வீட்டார் பார்க்க வந்தார்கள். அதே வகுப்பு யதுர்ஷன் தன் பெரியம்மா பத்தினிப்பிள்ளையைக் கூட்டிவந்தான். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். சின்னவன் நிலோஜனைக் கடல் கொண்டுபோனது. மூத்தவன் வன்னியில் காணாமற் போனான். இப்போது தங்கையின் மகன் யதுர்ஷனைத்தான் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார்.

குதிரைகளுக்கு முன்னால் வந்ததும் பத்தினிப்பிள்ளை நின்றுவிட்டார். கடைசிக் குதிரையைக் கையில் எடுத்தார். தவிட்டு நிறம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

"இது எங்கட நிலோஜன்ட குதிரை."

டீச்சர் பக்கத்தில் வந்தார். "வடிவாப் பாருங்கக்கா. இந்த மாதிரிக் குதிரை எத்தினையோ இருக்கும்."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? கடல் வந்ததுக்கு முதல்நாள்தான் வாங்கிக் குடுத்தன். வாலைக் கடிச்சு வச்சிட்டான் எண்டு ஏசினன். இஞ்ச பாருங்க, பல்லடையாளம்."

டீச்சர் தொட்டுப் பார்த்தார். விரலில் ஏதோ நெருடத்தான் செய்தது.

"எங்க தேடியும் அவன எடுக்கல்ல. ஒரு சட்டைகூடக் கிடைக்கல்ல. இதாவது வந்துதே" என்றார் பத்தினிப்பிள்ளை. பிறகு மேசைப் பக்கம் குனிந்தார். "இதில என்ன எழுதிக் கிடக்கு? கண்ணாடி கொண்டு வரல்ல. வாசி மனே."

யதுர்ஷன் குனிவதற்குள் கம்சாயினி அந்தத் துண்டை உரித்தெடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர், ஒளிக்கிறாள்!" யதுர்ஷன் கத்தினான். "கடலோட போன ஆக்கள்ட சாமானைப் பொறுக்கிச் சேர்த்து வச்சிரிக்காள்!"

"கையைத் திற" என்றார் டீச்சர்.

திறக்கவில்லை.

"உனக்குத்தான் சொல்லுறன் புள்ள. திற."

கம்சாயினி டீச்சரைப் பார்க்கவேயில்லை. பத்தினிப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க கொண்டு போங்க மாமி."

"புள்ளைய ஏசாதீங்க டீச்சர். வடிவாத்தான் வச்சிருந்திரிக்கா." பத்தினிப்பிள்ளை குதிரையை முந்தானைக்குள் சுற்றி, ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "குதிரைக் கள்ளி!"

"உன்ட பென்சிலையும் பார்த்துக்கடா, அதுக்கும் கால் முளைச்சிரும்!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் அடக்கவில்லை. எல்லாரும் பார்க்கப் பட்டியலை எடுத்து, முதற்பெயரின் மேல் கோடு போட்டார்.

இடைவேளை. பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள். கம்சாயினி மட்டும் மிஞ்சிய எட்டுக் குதிரைகளையும் பழைய அட்டைப் பெட்டி ஒன்றில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால்தான் அடுக்கினாள். மற்றக் கை இன்னும் பொத்தியபடியே இருந்தது.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வியர்வையில் மை கசிந்திருந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

'9. காத்தான்குடி, பாறூக் நானா கடை. 2010 சித்திரை 12. புதுவருசத்துக்கு அப்பா வாங்கித் தந்தது.'

இரண்டு மாதம்தான் ஆகிறது. விரலில் நெருடியது பல்லடையாளம் இல்லை, அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் ஓரம் என்பது டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது.

"இத ஏன் புள்ள அப்பவே காட்டல்ல?"

"காட்டியிருந்தா யதுர்ஷன் வாசிச்சிருப்பான் டீச்சர்."

டீச்சர் பட்டியலை விரித்தார். பிறகு பேனையை எடுத்தார். "பேரைத் திரும்ப எழுதுறன். உன்னைக் கள்ளி எண்டு சொன்னதுகள் எல்லாம் வரட்டும். அதுகள்ட முன்னுக்கே சொல்ல வேணும்."

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள். யதுர்ஷன் முன்வாங்கில் இருந்தான். மத்தியானம் அவன் பெரியம்மாவிடம்தான் சாப்பிடப் போவான்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் டீச்சர். "கம்சாயினி, அந்தக் குதிரை எங்க கிடைச்சதெண்டு நீயே சொல்லு."

கம்சாயினி எழுந்து நின்று, அதைக் கல்லடிக் கடற்கரையில் எடுத்ததாகச் சொன்னாள்.