காதில் மாட்டாத ஸ்டெதாஸ்கோப்

அநியாயம் நடந்தது உர்சுலாவுக்கு. அவள் வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்று கணவர் சவரிராஜுக்குத் தெரியும், மகள் ஜோசபினுக்குத் தெரியும், எதிர்வீட்டு ஆமினா பீவிக்குத் தெரியும். பூன் லே மார்க்கெட்டில் மீன் விற்கிறவருக்குக்கூடத் தெரியும். அவளிடம் மட்டும் எல்லாரும் 'அல்சர்' என்றார்கள்.

"அம்மாவோட உடம்பு, அம்மாவோட சாவு. அதை அம்மாகிட்ட மறைக்க நாம யாருப்பா?" என்றாள் ஜோசபின். யூனிவர்சிட்டிப் பட்டிமன்றத்தில் எதிரணியை அழவைத்தவள்.

"மெல்லப் பேசு லா." சவரிராஜ் சமையலறைக் கதவைச் சாத்தினார். "தெரிஞ்சா அன்னைக்கே போயிடுவா. இதைத்தான் யூனிவர்சிட்டியில சொல்லித் தர்றாங்களா?"

"பொய் சொல்லக்கூடாதுன்னு சர்ச் மறைக்கல்வி வகுப்புலயே சொல்லித் தந்துட்டாங்க."

அப்பாவின் பொய்யையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஃபாதர் ஆம்ப்ரோஸின் பொய்யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆம்ப்ரோஸ் முன்பு டாக்டர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளை, வலி தெரியாமல் கடைசிவரை பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. நாற்பது வயதில் அதை விட்டுவிட்டுச் சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போனார். குருப்பட்டம் வாங்கிய பிறகும் பழைய வைத்தியம் அவரை விடவில்லை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் வலிக்கு மருந்து சொல்லிவிட்டு வருவார்.

"ஃபாதர், அங்கி மட்டும் வேணாம்," என்று சவரிராஜ் முதல் நாளே கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார். "சாமியார் வீட்டுக்கு வந்தா ஆள் முடியப் போகுதுன்னு அர்த்தம். டாக்டராவே வாங்க."

அப்படியே வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அரைக்கைச் சட்டை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். உள்ளே போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். சவரிராஜ்தான் பொறுக்கமாட்டாமல் அடிக்கடி திறந்து எட்டிப் பார்ப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக ஜோசபின் பார்த்தாள்.

அம்மா என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மறுமுனை காதில் இல்லை! அது பாட்டுக்குக் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. அப்புறம் ஒரு சின்னக் குப்பியைத் திறந்து அம்மாவின் உள்ளங்கைகளில் எண்ணெய் தடவினார்.

அவர்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. இரண்டு மாடி இறங்கித்தான் பிடிக்க வேண்டும். படிக்கட்டிலேயே அவரை மடக்கினாள்.

"நோய் வயித்துல, தைலம் உள்ளங்கையில, ஸ்டெதாஸ்கோப் கழுத்துல. இது எந்த மெடிக்கல் காலேஜ் வைத்தியம், ஃபாதர்?"

அவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவளுக்கு இன்னும் எரிந்தது.

"ராத்திரி வலி எப்படி இருக்கு? மருந்து நேரத்துக்குக் குடுக்குறீங்களா?" என்றார்.

"பேச்சை மாத்தாதீங்க. அம்மாவுக்கு உண்மை தெரியணுமா, வேணாமா? எஸ் ஆர் நோ?"

"அதுக்கு நான் பதில் சொல்ல முடியாதும்மா."

"முடியாதா, தைரியம் இல்லையா?"

"முடியாது. நீ போய் அம்மாகிட்டயே பேசு."

"பேசத்தான் போறேன். இன்னைக்கே. அப்பா தடுத்தாலும் சரி, போப்பே வந்து தடுத்தாலும் சரி!"

படியேறி வந்தபோது சவரிராஜ் பின்பக்கப் படிக்கட்டு வழியாகக் கோப்பிக் கடைக்குக் கஞ்சி வாங்கப் போயிருந்தார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஜோசபின் நேராக உள்ளே போனாள். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாதமெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எங்கோ ஓடிவிட்டது.

"அம்மா... உனக்கு வந்திருக்கறது அல்சர் இல்லம்மா."

உர்சுலா கண்ணைத் திறந்தாள். "கதவைச் சாத்து முதல்ல."

சாத்தினாள்.

"கேன்சர். அதானே? ஸ்கேன் எடுத்த அன்னைக்கு உங்கப்பா மூஞ்சியைப் பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சு. ஃபாதர் வந்த முதல் நாளே நேரா கேட்டேன். அவரும் நேரா சொல்லிட்டாரு."

ஜோசபின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். தோற்றது மாதிரியும் இருந்தது, ஏமாந்தது மாதிரியும் இருந்தது.

"அப்போ அந்த ஸ்டெதாஸ்கோப்? காதுல கூட மாட்டாம..."

"காதுல மாட்டிக்கிட்டா நான் சொல்ற பாவமெல்லாம் அவருக்கு எப்படிடி கேக்கும்?" உர்சுலா சிரித்தாள். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு இருந்தேன். கையில பூசினது தைலம் இல்ல. சீக்காளிக்குன்னு சாமியார் பூசுற எண்ணெய்."

மெலிந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். இன்னும் பளபளத்தன.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அப்புறம் எதுக்கு இந்த டாக்டர் வேஷம்? அங்கி போட்டுக்கிட்டே வரலாமே?"

"நான்தான் வேஷத்தைக் கலைக்க வேணாம்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன். உங்கப்பா தெனம் பாத்ரூம்ல பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுறாரு. வெளிய வந்து, 'அல்சர்தானே, சரியாயிடும்'னு எங்கிட்ட சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்புலதான்டி அவரு நிக்கிறாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சிடுவாரு."

வாசல் கம்பிக் கதவு திறக்கும் சத்தம். உர்சுலா கைகளைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கஞ்சி வாங்கியாந்துட்டேன்!" சவரிராஜின் குரல் வேண்டுமென்றே உற்சாகமாக வந்தது. "ஜோசபின், டாக்டர் போறப்போ என்னம்மா சொன்னாரு?"

ஜோசபின் அம்மாவைப் பார்த்தாள். கன்னத்தைத் துடைத்தாள். மேடையேறும் முன் செய்வதுபோல் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அல்சர் நல்லா ஆறிக்கிட்டு வருதாம்பா!"