இடம் மாறிய பிரசங்க மேடை

படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவள் மேசை மேலிருந்த கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள். இடது காலை லேசாக இழுத்து வைக்கும் அந்த நடை, ஆயுசுக்கும் மறக்காது.

வந்தவர் பழைய அச்சுப்படங்கள் விற்கும் பெரிய வியாபாரி. கக்கத்தில் துணி சுற்றிய படச்சட்டம். அவளை ஏற இறங்கப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் கடைசியாகப் பார்த்தபோது அவள் முன்பல் விழுந்த சின்னப் பெண்.

"நீதானேம்மா படம் பார்த்து அசலா போலியான்னு சான்று எழுதறது?"

"நான்தான் ஐயா, உட்காருங்க." நாற்காலியை உள்ளறைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டாள். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாப் பேசணும்."

"இந்த வயசுலயேவா? சரி, சரி." குரலை உயர்த்தினார். "நேத்து போன்ல சொன்னேனே, அந்தப் படம்தான். வாங்கறவர் ரெடி, ஆனா உன் சான்று இல்லாமத் தொட மாட்டேங்கிறார். எங்க தாத்தா காலத்துல இருந்தே எங்க வீட்டுல இருக்கு."

பச்சைப் பொய்! கூசாமல் சொல்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டத்தின் பின்பக்கத் தாளைக் கத்தியால் கீறிப் படத்தை வெளியே எடுத்தாள்.

பழைய சிற்றாலயம் ஒன்றின் உட்புறம். தூணுக்குத் தூண் மரத்தில் செதுக்கிய தேவதைகள், கூரை முழுக்கக் கொடியும் பூவும், வலப்பக்கம் மரக்கழுகு ஒன்று தாங்கி நிற்கும் பிரசங்க மேடை. சட்டம் மறைத்திருந்த ஓரத்தில், மங்கலாக ஒரு குட்டிக் கட்டைவிரல் ரேகை. மை படிந்த கையோடு அங்கே தொட்டதற்காக அப்பாவிடம் அவள் வாங்கிய அறை இன்னும் நினைவிருக்கிறது.

அப்பாவும் இவரும் கூட்டாகக் கடை வைத்திருந்தவர்கள். அப்பா இந்தப் படத்தைத் தேடிப் பிடித்து வந்த மறுவாரமே, வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் இந்த மனுஷன் எழுந்து நின்றார். "சிற்றாலயத்துல மேடை இடப்பக்கம், படத்துல வலப்பக்கம். யாரோ காப்பி அடிச்ச போலி. இதைத்தான் இவர் அசல்னு விக்கப் பார்க்கிறார்" என்று அடித்துச் சொன்னார். "இது வெளியில சுத்தக் கூடாது, நானே எரிச்சுடறேன்" என்று படத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

சங்கம் அப்பாவைத் தள்ளி வைத்தது. கடை போயிற்று, மானம் போயிற்று. அன்றோடு அடங்கியது அப்பாவின் குரல்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அவள் இந்தத் தொழிலையே கற்றாள். பாவி மனுஷன் என்றைக்காவது இந்த மேசைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

லென்ஸைக் கீழே வைத்தாள். "போலி."

"என்னது?"

"மேடை இடம் மாறி இருக்கு. அசல் படத்தைப் பார்த்து அப்படியே செப்புத் தகட்டுல வெட்டி அச்சடிச்சிருக்காங்க. அச்சுல இடது வலதாயிடுச்சு. விட்டுட்டுப் போங்க, நானே எரிச்சுடறேன்."

எங்கோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று அவர் ஒரு கணம் விழித்தார். ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"யாரும்மா உனக்கு வேலை கத்துக் கொடுத்தது?" மேசையில் ஓங்கித் தட்டினார். "தேவதை சிறகுல கோட்டைப் பாரு, மயிரிழை மாதிரி! காப்பி அடிக்கிறவன் கைக்கு இது வருமா? முதல்ல வெட்டினவனே ஆலயத்துல உட்கார்ந்து, கண்ணுல பட்டதை அப்படியே தகட்டுல வெட்டிட்டான். இடது வலதாத் திருப்பி வெட்டணும்ங்கறதை மறந்துட்டான்! அப்புறம் அந்தத் தகட்டை அழிச்சுட்டு வேற தகடு பண்ணாங்க. மேடை வலப்பக்கம் இருந்தாத்தான் முதல் அச்சு!"

"இப்பத்தான் ஜோடிச்ச கதை மாதிரி இருக்கே ஐயா."

"ஜோடிச்சதா? உனக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்! சங்கத்துல இருந்த அத்தனை மண்ணாந்தைகளுக்கும் தெரியல. எனக்கு அன்னைக்கே, படத்தைக் கையில வாங்கினப்பவே தெரியும்!"

"சரியாக் கேட்கல ஐயா."

"அன்னைக்கே தெரியும்னேன்! இது அசல்! அசல்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். "போதும் ஐயா, இப்ப நல்லாக் கேட்டுச்சு" என்றாள் அவள்.

திரை விலகியது. காதுக்குள் இருந்த கருவியைத் திருகிக்கொண்டே முதலில் வெளியே வந்தவர், அந்த மண்ணாந்தைகளில் ஒருவரான சங்கத் தலைவர். வியாபாரியின் முகத்தில் ஈயாடவில்லை. படத்தை மூடப்போன அவர் கையை அவள் கத்திப் பிடியால் ஒதுக்கிவிட்டாள்.

தலைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இன்னொருவர் வந்தார். தலை முழுக்க நரை. மேசையருகே குனிந்து, படத்தின் ஓரத்தில் இருந்த அந்தக் குட்டி ரேகையை விரலால் தடவினார். பல வருஷமாகத் திறக்காத வாய் திறந்தது.

"எரிச்சுடறேன்னு சொன்னீங்களே, அண்ணே?"