காற்றுத் திருகு

குழாய் மாற்றிய பிறகு நீரேற்று நிலையத்தின் பெரிய மோட்டார் இன்னும் ஓடவில்லை. பதினெட்டு வருஷம் இங்கே எண்ணெய் துடைத்தவள் இன்று காலையிலிருந்து நிலையப் பொறுப்பாளர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஊருக்குத் தண்ணீர் போகாவிட்டால், பொம்பளைக்குக் கொடுத்தால் இப்படித்தான் என்று பதவி உத்தரவைத் திரும்ப வாங்க மேலே ஆள் இருக்கிறது. ஜன்னல் வெயில் பொறுப்பாளரின் நாற்காலியில் விழுந்து கிடக்கிறது. அவள் அதில் இன்னும் உட்காரவில்லை. "சுவிட்சைப் போடட்டுமா? மணி ஆகுதும்மா," என்கிறார் மூத்த மெக்கானிக். "கை வைக்காதீங்கண்ணே. உள்ள காத்து நிக்குது, இப்பப் போட்டா பம்பு கெட்டுரும்." "பதவி வந்ததும் பேச்சும் வந்துருச்சு," என்று பின்னால் ஒருவன் சிரிக்கிறான். அவள் மண்டியிட்டு, பம்பின் தலையிலிருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்துகிறாள். உஸ்ஸென்று சீறுகிறது, நுரை துப்புகிறது, கடைசியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கிறது. திருகை இறுக்குகிறாள். "இப்பப் போடுங்க." மோட்டார் உறுமுகிறது. அழுத்தமானியின் முள் துடித்து ஏறி, ஊருக்குத் தண்ணீர் போக வேண்டிய அளவான எட்டில் நிற்கிறது. மெக்கானிக் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போடுகிறார். "உட்காருங்க மேடம்." "நேத்து வரைக்கும் எண்ணெய்க்காரின்னு கூப்பிட்ட வாயாண்ணே இது?" முகத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, வெயில் விழுந்த அந்த நாற்காலியில் அவள் உட்காருகிறாள்.