கூடிப்போன அசை

"எஷ்... பெ... ரார்..."

அதற்குமேல் அவர் வாய் நகரவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் அவருடைய இடது கையைப் பிடித்து மேசைமேல் தட்ட வைத்தாள். அசைக்கு ஒரு தட்டு. வலது கை மடியில் துணிபோலக் கிடந்தது.

வாழ்நாளெல்லாம் போர்ச்சுகீசியம் சொல்லிக்கொடுத்த மனிதர். பக்கவாதம் எல்லா மொழியையும் ஒரே வாரலாக வாரிக்கொண்டு போனது. மனைவியைக் கூப்பிடக்கூட வாயில் சொல் இல்லை.

நாக்குக்குப் பழகின சொல்லிலிருந்து தொடங்கலாம் என்றாள் பயிற்சிக்காரி. அவளுக்கு அந்த மொழி தெரியாது. சொல்லை எடுத்துக்கொடுத்தது மனைவி.

எஷ்பெரார்-தெ-எய். உனக்காகக் காத்திருப்பேன்.

முன்னறையில் அவர் பாடம் நடத்த, உள்ளே காய் நறுக்கியபடி கேட்டுக் கேட்டே அவளுக்கு மனப்பாடமான சொல். வினைச்சொல்லை நடுவில் பிளந்து, 'உன்னை' என்பதைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைக்கிற மொழி என்பார் அவர். "புது மருமக மாதிரி, ரெண்டு பக்கமும் இடி வாங்கும்." வகுப்பே சிரிக்கும். சிரித்துவிட்டு, சரியாக அந்த இடத்திலேயே எல்லோரும் இடறி விழுவார்கள்.

இப்போது அவரே விழுந்து கிடந்தார்.

நாளைக் காலை அவள் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். கிளம்புமுன் இந்த ஒரு சொல்லை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும்.

"என்னங்க, இன்னும் கொஞ்சந்தான். எனக்காகச் சொல்லுங்க."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"எஷ். பெ. ரார். தெ. ஈ. யா."

பயிற்சிக்காரி குதிக்காத குறை. "சூப்பர் சார்! கடைசில ஒரு தட்டு கூடிப்போச்சு, பரவால்ல. அம்மா, இன்னொரு தடவ சொல்ல வைப்போமா?"

"வேணாம்மா."

கூடிப்போனது தவறல்ல. 'எய்' என்று ஓரசையில் முடிந்தால், காத்திருப்பேன். 'ஈ-யா' என்று இரண்டாகப் பிரிந்தால் பொருளே வேறு. நீ திரும்பி வருவதாக இருந்தால், காத்திருப்பேன்.

இந்த இரண்டையும் குழப்பிய எந்த மாணவனையும் அவர் சும்மா விட்டதில்லை.

"எதுக்குங்க இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்க வாயெடுத்தாள்.

மேசையிலிருந்து அவருடைய இடது கை எழுந்தது. தடுமாறித் தடுமாறி வந்து, அவள் வலது விலாவுக்குக் கீழே துணியின்மேல் மெல்லப் படிந்தது.

இனிமேல் திறந்து பார்த்தும் பயனில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த இடம். அதை அவள் மகளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.