சுக்கான் பிடித்தவர்

சின்னப் பாய்ப்படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறது. சிறுவயதுக்குப் பிறகு இன்றுதான் மறுபடி படகேறியிருக்கும் ஓய்வுபெற்ற மேலாளர், சுக்கானைப் பிடித்தபடி, கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். காற்று ஏற ஏறப் பாய் உப்புகிறது. அதன் கயிற்றை அவர் முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டார். நீச்சல் தெரியாத மனைவி விளிம்பைப் பற்றியிருக்கிறாள், விரல்கள் வெளுத்துவிட்டன. "டேய், பாய்க்கயித்தை அவுத்து விடுடா," என்கிறாள் எதிரே இருக்கும் அவருடைய அக்கா. "எனக்கே பாடமா? அப்பா படகை ஓட்டினதே நான்தான்." வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் கேட்ட கதை, அக்கா ஒருநாளும் மறுத்ததில்லை. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் பளபளவென்று உள்ளே வழிகிறது. அவர் முடிச்சைப் பிடுங்குகிறார். நனைந்த கயிறு மசியவில்லை. "அக்கா!" குரல் பத்து வயதுக்குப் போய்விடுகிறது. அக்கா தாவி வந்து, அவரை இடித்துத் தள்ளிவிட்டுச் சுக்கானைத் திருப்புகிறாள். படகின் மூக்கு காற்றுக்கு நேராகிறது, பாய் தொளதொளத்துப் படபடக்கிறது, படகு நிமிர்கிறது. "அப்போ உங்க அப்பா படகுல இவர் என்னதான் செஞ்சார், அண்ணி?" என்று கேட்கிறாள் மனைவி. "தண்ணி இறைப்பான்," என்கிறாள் அக்கா, பாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "குறை சொல்லக் கூடாது, நல்லா இறைப்பான்." அதற்குள் அவர் குனிந்து, தாளம் தப்பாமல், இரு கைகளாலும் இறைக்கத் தொடங்கிவிட்டார்.